பனி தங்காத கூரை

விமானம் ரொறன்ரோவில் இறங்க முன்னரே அவர் தன்னுடைய பாஸ்போட்டைக் கிழித்துக் கழிவறைக்குள் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டாராம். அந்தக் காலத்தில் வந்த எங்கள் ஆட்களில் பலர் செய்த வேலைதான் அது. கையில் பாஸ்போட் இருந்தால் வந்த வழியே திருப்பி ஏற்றிவிடுவார்கள், இல்லாவிட்டால் எங்கே அனுப்புவது என்று அவர்களுக்கும் தெரியாது என்பது ஏஜென்சிக்காரன் சொல்லிவிடும் பாடம். மற்றவர்கள் அதைச் செய்துவிட்டு அகதிக் கோரிக்கை, வேலை, வீடு என்று போய்விட்டார்கள். இவர் மட்டும் அந்தக் கழிவறையை விட்டு வெளியே வரவேயில்லை. எதை முடிவெடுத்தாலும், முதல் வேலையாகத் திரும்பிப் போகிற வழியை இல்லாமல் செய்துவிடுவார். முகத்துக்கு முன்னால் அவரைத் தலைவர் என்றோம். அந்தப் பக்கம் போனதும் கிழிச்சவர் என்றோம்.

நான் அவரை அறிந்தது ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில், பண்டசாலைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு நாலுமாடிக் கட்டிடத்தில். குடியிருப்பவர்களே சேர்ந்து நடத்தும் கூட்டுறவு வீடுகள், கோ-ஆப் என்போம். பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள், மிச்சம் ஆப்கானிஸ்தான், பிலிப்பைன்ஸ் என்று பல இடத்தவர்கள். அவர் நிர்வாக சபைத் தலைவர். நான் படிக்கட்டுக் கூட்டி, குப்பை கட்டி, ஒழுகுகிற குழாய் மாற்றுகிற ஆள். எட்டாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. பாங்கொக்கில் நெடுங்காலம் ஒரு அறையை விட்டு வெளியே வராமல் இருந்தேன், பாரிஸில் கோப்பை கழுவினேன், மொன்றியலில் கோழி வெட்டினேன். இந்தக் கட்டிடத்தைச் சூடாக்குகிற போயிலர் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை தந்தார்கள். சன்னல் இல்லை, சூடு இருந்தது. அதற்கு முன் நான் இருந்த இடங்களோடு பார்த்தால் நல்ல அறை.

என்னுடைய பையைக் கதவுக்குப் பின்னால் வைத்திருப்பேன். இரண்டு சோடி உடுப்பு, சவரச் சாமான், பத்திரங்கள். எந்த ஊரில் இருந்தாலும் அப்படித்தான். அறையைப் பார்க்க வந்த முதல் நாளே அவருடைய கண் அதில் விழுந்தது.

"உந்தப் பையை அவிட்டு அடுக்கு," என்றார். "உது கதவுக்குப் பின்னால நிக்கிற வரைக்கும் நீ இன்னும் வந்து சேரேல்ல."

நான் அடுக்கவில்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் அவர் பையைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். அவருடைய வீட்டில் ஒரு சூட்கேஸ்கூட இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வந்த வருடமே எறிந்துவிட்டாராம். அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். தாயார் இறந்து அக்கா யாழ்ப்பாணம் போகவேண்டி வந்தபோது என்னுடைய பையைத்தான் இரவல் வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து அதைக் கழுவிக் காயவைத்துத் தந்தவர், வைச்சிரு தம்பி, அவசரத்துக்கு எங்களுக்கு உது ஒண்டுதான் இருக்கு என்று மெல்லமாகச் சொன்னார்.

தொழிற்சாலை வேலையை அவர் விட்ட கதை கட்டிடம் முழுக்கத் தெரியும். மேற்பார்வையாளனோடு வாய்த்தர்க்கம். இவர் தன்னுடைய பாதுகாப்புச் சப்பாத்து இரண்டையும் கழற்றி, அவனுடைய மேசையிலேயே வைத்து, பெட்டி வெட்டுகிற கத்தியால் பிளந்துவிட்டு, மேசோடு, அந்தக் காலுறையோடேயே, வெளியே நடந்தார். நவம்பர் மாதம். பஸ் சாரதி இவருடைய காலைப் பார்த்துவிட்டு, யாராவது வழிப்பறி செய்துவிட்டார்களா என்று கேட்டானாம். இல்லை, நானேதான் வெட்டினேன் என்று இவர் சொல்ல, அவன் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்தினானாம். நான் ஒருநாள் அவரிடமே கேட்டேன், சப்பாத்து என்ன பாவம் செய்தது என்று. அவர் சிரிக்கவில்லை. "சப்பாத்து இருந்தால் விடிய எழும்பினவுடன கால் தானாய் அதுக்குள்ள போயிருக்கும்," என்றார்.

கார் ஓட்டும்போதும் இதே கதைதான். ஒரு கலியாணத்துக்கு எங்களை ஏற்றிக்கொண்டு போனவர் நெடுஞ்சாலையில் இறங்கவேண்டிய எக்சிற்றைத் தவறவிட்டார். அடுத்ததில் இறங்கித் திரும்புவார் என்று பார்த்தோம். திரும்பவில்லை. முன்னுக்கும் ஒரு வழி இருக்கும் என்று பிக்கரிங் வரைக்கும் போய், வடக்கே ஏறி, வயல் வெளிகளையெல்லாம் சுற்றிக்கொண்டு வேறு பக்கத்தால் மண்டபத்துக்கு வந்தார். தாலி கட்டி, சாப்பாடும் முடிந்து, மாப்பிள்ளை கோட்டைக் கழற்றிவிட்டு நின்றார்.

இவையெல்லாம் சொல்லிச் சிரிக்கிற கதைகள். போயிலர் கதையில் சிரிப்புக் குறைவு.

எங்கள் கட்டிடத்துக்குப் பக்கத்துச் சின்னத் தெருவில், அந்த ஒழுங்கையில் இருந்த பண்டசாலையை ஒரு கம்பனி எடுத்து, தரவு மையம் ஆக்கியது. சன்னல் இல்லாத பெரிய பெட்டி. உள்ளே ஆட்கள் அதிகம் இல்லை; அடுக்கடுக்காகக் கொம்பியூட்டர்கள். அவை இரவு பகலாக வேலை செய்து கொதிக்கும். அந்தச் சூட்டைக் கூரையில் இருந்த பெரிய விசிறிகள் ஆகாயத்துக்கு ஊதித் தள்ளும். குளிர்காலத்தில் எங்கள் கூரையில் முழங்கால் அளவுக்குப் பனி நிற்கும். அவர்களுடைய கூரையில் ஒரு பொட்டு வெள்ளை தங்காது. அக்கம்பக்கத்துப் புறா எல்லாம் அங்கேதான் குந்தியிருக்கும்.

அவர் ஒரு குளிர்காலம் முழுக்க அந்தப் புறாக்களைப் பார்த்தார். பிறகு கம்பனிக்குப் போனார், நகரசபைக்குப் போனார், எங்கெங்கே உதவித் திட்டம் இருக்கிறதோ அங்கெல்லாம் போய்க் காத்திருந்தார். கடைசியில் ஒரு ஏற்பாடு வந்தது. கொம்பியூட்டர்களின் சூட்டை வாங்கிய வெதுவெதுப்பான தண்ணீர் ஒழுங்கைக்குக் கீழே குழாயில் எங்கள் போயிலர் அறைக்கு வரும். அங்கே வைக்கும் வெப்பப் பம்பிகள் அந்தச் சூட்டை இன்னும் ஏற்றி, வீடுகளின் ஹீற்றர்களுக்கு அனுப்பும். சூட்டைக் கொடுத்துக் குளிர்ந்த தண்ணீர் திரும்பி அவர்களிடம் போய் யந்திரங்களைக் குளிர்விக்கும். அவர்களுக்கு விசிறிச் செலவு குறையும்; மிஞ்சுகிற சூடு மட்டும் கூரையால் போகும். எங்களுக்கு எரிவாயு வேண்டாம்.

இதைச் சொல்ல ஒரு பொதுக்கூட்டம் வைத்தார். சபையின் செயலாளர் றெஜினாக்கா. மன்னார்ப் பக்கம், முதியோர் இல்லத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அந்தக் கொம்பியூட்டருக்குள் அப்படி என்னதான் கொதிக்கிறது என்று அவர் கேட்டார். எங்கள் பிள்ளைகள் போனில் போடுகிற படமும் வீடியோவும்தான் என்றார் இவர்.

"அப்ப என்ர மருமகள் கண்ணாடிக்கு முன்னால நிண்டு எடுக்கிற படத்திலதான் நான் குளிர்காயப்போறன்," என்றார் றெஜினாக்கா. "சரி, அவவால எனக்கும் ஒரு பிரயோசனம்."

எல்லோரும் சிரித்தார்கள். திட்டத்தை யாரும் எதிர்க்கவில்லை. றெஜினாக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். இருக்கிற இரண்டு எரிவாயுப் போயிலரில் ஒன்றை விட்டுவையுங்கள் என்றார். திட்டம் போட்ட பொறியியலாளரும் அதைத்தான் சொல்லியிருந்தார், இடமும் இருந்தது. இவர் மாட்டேன் என்றார். குப்பை பிரிக்கிறதென்று தொடங்கி இரண்டு மாதத்தில் கைவிட்டதை நினைவூட்டினார். பழைய தொட்டி பக்கத்திலேயே நின்றபடியால்தான் எல்லோரும் அதற்குள் கொட்டினீர்கள், போயிலர் நின்றால் முதல் குளிருக்கே அதைத்தான் மூட்டுவீர்கள், நான் பட்ட பாடு வீண் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்களை அவருக்குத் தெரியும்.

"நம்பிக்கை இல்லாதவன்தான் திரும்பிப் போற வழி வைப்பான்," என்றார். "எனக்கு நம்பிக்கை இருக்கு."

வாக்கெடுப்பில் அவர்தான் வென்றார், மயிரிழையில். றெஜினாக்கா கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "இனி உங்கட நம்பிக்கையிலதான் என்ர கால் குளிராமல் இருக்கவேணும். ஞாபகம் வைச்சிருங்கோ, தலைவர்."

புதுப் பம்பிகள் வந்து ஓடத் தொடங்கிய கிழமையே, எரிவாயுக்காரர் குழாயை அடைத்து மீற்றரையும் கழற்றிக்கொண்டு போனார்கள். போயிலர் இரண்டையும் வெட்டினது அவரும் நானும்தான். நான் இரும்பு வெட்டுகிற கிறைண்டரைப் பிடித்தேன். அவர் துண்டுகளைத் தூக்கி வெளியே கொண்டுபோனார். அறுபதைத் தாண்டிய ஆள், ஒவ்வொரு துண்டையும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். பின்னேரம் மூலையில் இரண்டு குழாய் முனைகள்தான் மிச்சம்: போயிலர்கள் கட்டிடத்தின் குழாய்களோடு சேர்ந்திருந்த இடம், வால்வுகளோடு. நான் அதிலே கிறைண்டரை வைக்கப் போக, அவர் தோளைத் தொட்டார். டிஸ்க் தேய்ந்துவிட்டது, நீயும் களைத்துப்போனாய், போய்ச் சாப்பிடு, மிச்சத்தை நான் வெட்டுகிறேன் என்றார். அடுத்த நாள் போய்ப் பார்த்தால் அந்த மூலையை ஒரு பலகை மூடியிருந்தது. சாம்பல் பெயின்ற் அடித்து, கூட்டுகிற தும்புத்தடி கொழுவ ஆணியும் அடித்திருந்தார். முடிஞ்சுதோ அண்ணை என்று கேட்டேன். ஓம், முடிஞ்சுது என்றார். அடுத்த கூட்டத்தில், கடைசித் துண்டைத் தன் கையால் வெட்டியதாகச் சொன்னார். கைதட்டினார்கள்.

முதல் குளிர்காலம் தொல்லை தந்தது ஹீற்றர் அல்ல, ஆட்களின் கைதான். பழைய ஹீற்றர் தொட்டால் சுடும். அதன்மேல் மேசும் துவாயும் காயப்போட்டுப் பழகியவர்கள். புது ஏற்பாட்டில் ஹீற்றர் ஆளுடைய நெற்றியைப்போல இளஞ்சூடாகத்தான் இருக்கும். ஆனால் நாள் முழுக்க விடாமல் அப்படியே இருக்கும். கை வைத்துப் பார்த்துவிட்டு, வேலை செய்யேல்ல, வேலை செய்யேல்ல என்று கூப்பிடுவார்கள். அவர் ஒரு வெப்பமானியோடு வீடு வீடாகப் போய், அதை நடு அறையில் பிடித்துக்கொண்டு நிற்பார். ஹீற்றரை ஏன் தொடுறியள், வீட்டைத் தொட்டுப் பாருங்கோ என்பார். மார்கழி முடிய முன் கூப்பிடுவது நின்றுவிட்டது. நகரத்திலிருந்து ஆட்கள் வந்து போயிலர் அறையைப் படம் எடுத்தார்கள். அவர் பலகைக்கு முன்னால் நின்றுதான் படத்துக்கு முகம் கொடுத்தார். அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

அடுத்த குளிர்காலம், தைமாதம், குளிர் இறுகி வந்தது. மூச்சு மீசையில் உறைகிற குளிர். ஒரு சனிக்கிழமை விடிய நான் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது ஏதோ பிழையாகத் தெரிந்தது. எது என்று பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்தது. பக்கத்துக் கூரை வெள்ளையாக இருந்தது. ஒரு புறாவும் இல்லை.

பனி தள்ளுகிற சவளை அப்படியே போட்டுவிட்டு அவருடைய கதவைத் தட்டினேன். அவர் இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேலே குளிர்க் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்று கூரையைப் பார்த்தார். பிறகு போயிலர் அறைக்குள் போய், ஒழுங்கையிலிருந்து வருகிற குழாயில் கையை வைத்தார். நானும் வைத்தேன். வெதுவெதுப்பு இல்லை. கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது.

தரவு மையத்தின் வாசற் படலையில் போய் மணி அடித்தோம். ஒரு இளம் மனேச்சர் வந்தான். மரியாதையான பெடியன், மூச்சுக்கு மூச்சு மன்னிப்புக் கேட்டான். அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர் யந்திரங்களைக் கியூபெக்குக்கு மாற்றிவிட்டாராம். அந்தக் கிழமை முழுக்கக் கழற்றி ஏற்றியிருக்கிறார்கள். பெரும்பாலான அடுக்குகள் வெறுமை. புது ஆட்கள் பனி கரைந்த பிறகுதான் வருவார்கள். இருக்கிற சூட்டைத் தருவோம் என்றுதான் ஒப்பந்தம், இல்லாத சூட்டை நான் எங்கே எடுக்கிறது என்றான். உண்மைதான். அவர் அவனோடு சண்டை பிடிக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினார். ஒழுங்கையைக் கடக்கும்போது அவருடைய நடையைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் அவர் வயதானவர் என்று எனக்குப் பட்டது.

அன்று பின்னேரமே பம்பிகள் ஒவ்வொன்றாக நின்றன. சூட்டை எடுக்கத் தண்ணீரில் சூடு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடுகளுக்குள் கோட்டோடு இருந்தார்கள். சிலர் சமையலறை மின்னடுப்பைப் போட்டு அதன் கதவைத் திறந்துவைத்தார்கள். நான் மாடி மாடியாக ஓடி அதை நிற்பாட்டச் சொன்னேன். மூன்றாம் மாடி ஆப்கானியருடைய வீட்டில் புதிதாகப் பிறந்த குழந்தை இருந்தது. குழந்தையையும் தாயையும் யாரோ மல்வேர்னில் ஒரு வீட்டுக்குக் காரில் அனுப்பினார்கள். எல்லோரையும் அனுப்ப எங்கே இடம்? வடக்குச் சுவரில் குழாய்கள் உறையத் தொடங்கினால் வெடிக்கும். வெடித்தால் நகரசபை கட்டிடத்தை வெறுமையாக்கும். ஆளுக்கொரு மோட்டலில் சிதறிப்போனால், திருத்தி முடிக்க எத்தனை மாதமோ, எத்தனை பேர் திரும்பி வருவார்களோ. இதை றெஜினாக்கா கூட்ட அறையில் எழுந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார். சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"தலைவர், ஒண்டை விடச் சொன்னனான்."

"ஓம்," என்றார். "சொன்னியள்."

பின்னால் யாரோ இளம் பெண் ஆங்கிலத்தில், இந்த ஆள் எங்களைக் கொல்லப்போறார் என்றாள். அக்கா கம்பளிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு இருந்தார். அவர்தான் கடைசியில் பேசினார்: "இவருக்குத் திரும்பத் தெரியாது. நீங்கள் ஆராவது போனை எடுங்கோ."

றெஜினாக்கா போனை எடுத்தார். எத்தனை பேரைக் கூப்பிட்டாரோ, ட்ரக்கில் பூட்டி வாடகைக்கு விடுகிற ஒரு போயிலரை மத்தியானத்துக்குள் பிடித்துவிட்டார். ட்ரக்கை ஓட்டி வந்தது ஒரு பெண், குழாய் பொருத்துகிறவள். அகன்ற தோள், கையில் எண்ணெய். இறங்கியவுடன் அவள் கேட்டது ஒரே கேள்வி: உங்களுடைய பழைய போயிலர் பூட்டியிருந்த குழாய் முனை எங்கே? முனையும் வால்வும் இருந்தால் ட்ரக்கிலிருந்து குழாயை இழுத்துக் கொழுவ வேண்டியதுதான், பொழுது படமுன் சூடு வரும். மொட்டையாக வெட்டியிருந்தால் கட்டிடத்துத் தண்ணீர் முழுவதையும் வடித்து, வெட்டி, ஒட்ட வேண்டும். இந்தக் குளிரில் அதற்குள் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை என்றாள்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கடைசித் துண்டைத் தன் கையால் வெட்டியதாகச் சொன்ன ஆள். பொருத்துகிறவள் போயிலர் அறைப் பக்கம் நடந்தாள். பின்னால் றெஜினாக்கா, நான், சபைக்காரர், பிறகு பாதிக் கட்டிடம். அவர் எல்லோருக்கும் பின்னால் வந்தார். அறைக்குள் குளிர்ந்துபோன பம்பிகள் வரிசையாக நின்றன. அவள் டோர்ச் அடித்துச் சுவர்களைப் பார்த்தாள். சாம்பல் பலகையில் வெளிச்சம் விழுந்து, தாண்டிப் போனது.

"அண்ணை," என்றார் றெஜினாக்கா. அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "மொட்டையாய் வெட்டிப்போட்டியளோ? ஓம், இல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நிக்க நேரமில்லை."

அவர் பலகையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். அந்த இரண்டு சொல்லில் எதைச் சொன்னாலும் அவர் அழிந்துபோவார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஓம் என்றால் கட்டிடம் போச்சு. இல்லை என்றால், நம்பிக்கை இல்லாதவன்தான் வழி வைப்பான் என்று சொல்லி எங்களிடம் வாக்கு வாங்கியவர், தானே நம்பவில்லை என்றாகிவிடும். மேலே எங்கோ ஒரு குழாய் 'டக்' என்று சத்தமிட்டது. பொருத்துகிறவள் தலையை உயர்த்திக் கேட்டாள்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்தப் பலகையைக் கழட்டு."

ஆணியாக இருக்கும் என்று நெம்புகோலைத் தேடினேன். ஆணி இல்லை, நான்கு மூலையிலும் திருகாணி, கையால் சுற்றினாலே கழன்று வந்தது. பின்னால் இரண்டு குழாய் முனைகளும் அப்படியே இருந்தன. வால்வு, அடைப்பான் எல்லாவற்றையும் துருப்பிடிக்காமல் கிறீஸ் பூசி, பழைய சாரத் துண்டால் சுற்றிக் கட்டியிருந்தது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது: டிஸ்க் தேய்ந்துவிட்டது என்று அவர் என்னை அனுப்பிய அன்றைக்குப் பெட்டிக்குள் புது டிஸ்க்குகள் கிடந்தன.

யாரும் பேச முதல் அவர் பேசினார். குரல் பெரிதாக வந்தது.

"உவனை வெட்டச் சொன்னனான். வெட்டாமல் விட்டிட்டுப் பலகையை அடிச்சு மறைச்சிருக்கிறான். எட்டாம் வகுப்புக்காரன், வேற என்ன செய்வான்."

அறை முழுக்க என்னைப் பார்த்தது. எனக்குக் கோபம் வரவில்லை. என்னைப் பற்றி இதைவிட மோசமாக, இதைவிடச் சின்னக் காரணத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய கண்ணைப் பார்த்தேன். அது கெஞ்சவில்லை. ஆனால் என்னை விட்டு அசையவும் இல்லை.

"ஓம்," என்றேன். "பஞ்சியில விட்டிட்டன். சோம்பேறிதானே நான்."

தன் கையால் வெட்டியதாக அவர் கூட்டத்தில் சொன்னதை அந்த நேரம் யாரும் கிளறவில்லை. யாரோ சிரித்தார்கள். யாரோ என் முதுகில் அடித்து, உன்ர பஞ்சிக்கு ஒரு கோயில் கட்டவேணும் என்றார்கள். பொருத்துகிறவளுக்கு இந்தத் தமிழ் எதுவும் விளங்கவில்லை; அவள் குழாயை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். றெஜினாக்கா மட்டும் குனிந்து, வால்வில் விரலை வைத்து எடுத்தார். விரலில் இருந்த கிறீஸைப் பார்த்தார். சாரத் துண்டைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அந்த விரலைத் தலைவருடைய சுவெற்றர்க் கையில் நன்றாகத் துடைத்துவிட்டு வெளியே போனார்.

பொழுது படமுன் குழாய்களில் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஆட்கள் மேலே போய்விட்டார்கள். அவர் என் அறைக்குள் வந்து கட்டிலில் இருந்தார். கதவு திறந்து கிடந்தது. ட்ரக்கிலிருந்து வந்த குழாய் வாசலால் பாம்பு மாதிரி நீண்டு கிடந்து நடுங்கியது. அவர் காலணியைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்தார்.

"பாஸ்போட்டின்ர அட்டை கிழியாது, தெரியுமோ?" என்றார்.

தெரியாது என்றேன். நான் கிழித்ததில்லை, என்னுடையதை ஏஜென்சிக்காரன் பறித்துக்கொண்டு போய்விட்டான்.

"தாளெல்லாம் கிழியும். அட்டை கிழியாது. பல்லாலயும் கடிச்சுப் பாத்தன்."

"அப்ப என்ன செய்தனீங்கள்?"

"சப்பாத்துக்குள்ள வைச்சன்," என்றார். "இமிகிரேசன்காரன் எல்லாத்தையும் கிழிச்சியோ எண்டு கேக்கேக்க அது காலுக்குக் கீழ கிடந்துது. ஓம் எண்டன்."

அதற்குப் பிறகு அந்த அட்டை என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

ட்ரக் பனி கரையும் வரை வாசலில் நின்றது. பிறகு பக்கத்துப் பெட்டிக்குப் புது யந்திரங்கள் வந்தன, ஒழுங்கைக் குழாய் மறுபடி வெதுவெதுத்தது. ட்ரக் போன அன்று அவர் திருகாணியும் கிறீஸ் பேணியும் கொண்டுவந்து, யாரையும் கிட்ட விடாமல், பலகையைத் தானே பூட்டினார். புதிதாகச் சாம்பல் பெயின்ற் அடித்தார். அடுத்த பொதுக்கூட்டத்தில் உடுப்புக் காயவைக்கிற யந்திரங்களை மாற்றுவது பற்றிப் பேச்சு வந்தபோது, பழையவற்றை அன்றைக்கே எறிய வேண்டும், திரும்பிப் போகிற வழி வைக்கக்கூடாது என்று எழுந்து நின்று சொன்னார். எல்லோருடைய கண்ணும் றெஜினாக்காவிடம் போனது.

"ஓம், தலைவர்," என்றார் றெஜினாக்கா, தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டே. "தம்பியைக் கொண்டு எறிவிப்பம்."

அந்த வருடம் இலை விழத் தொடங்கியபோது எனக்கு வினிப்பெக்கில் ஒரு வேலை கிடைத்தது. அங்கேயும் நான் நெடுக இருக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். பையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைத் திறப்பை, கதவுச் சாவியை, கொடுக்க அவரிடம் போனேன். அவர் பையைப் பார்த்தார். நான் முன்பு கேட்ட அதே பேச்சுக்காகக் காத்து நின்றேன். அவர் கையை நீட்டவில்லை.

"திறப்பை நீயே வைச்சிரு," என்றார். "ஆரும் கேட்டால், குடுக்க மறந்துபோனன் எண்டு சொல்லு. நீ கவனமில்லாதவன் எண்டு இஞ்ச எல்லாருக்கும் தெரியும்தானே."

சொல்லிவிட்டு, நான் படியிறங்க முதலே கதவைச் சாத்திவிட்டார்.